நிலா ஏன் கூடவே வருகிறது?

பௌர்ணமி இரவில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து கிரிவலம் வரும் பிள்ளைகள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "நிலா ஏம்பா நம்ம கூடவே வருது?" திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் பாதையில், அத்தனை நெரிசலில், நின்று பதில் சொல்ல யாருக்கும் முடிவதில்லை.

இப்படிப்பட்ட கேள்விகளுக்காகவே 1990களில் தூர்தர்ஷனில் ஒருவர் காத்திருந்தார். கிரீஷ் கர்னாட் தொகுத்து வழங்கிய 'டர்னிங் பாயின்ட்' அறிவியல் நிகழ்ச்சியில், நேயர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னவர் யஷ்பால். காஸ்மிக் கதிர் ஆய்வாளர். அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் முதல் இயக்குநர். 1975-76இல் செயற்கைக்கோள் வழியாகச் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சியைக் கொண்டுசேர்த்த 'சைட்' திட்டத்தில் முன்னின்றவர். பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவராகவும் இருந்தவர். அவ்வளவு பெரிய மனிதர், முன்பின் தெரியாத பிள்ளையின் சந்தேகத்தைத் தன் சந்தேகமாகவே எடுத்துக்கொண்டு பேசினார். பாடப்புத்தகக் கேள்வியைவிட, கண்ணால் பார்த்து மனதில் உறுத்தியதைக் கேட்பதே அவருக்கு உகந்தது.

நிலாக் கேள்வியையே எடுத்துக்கொள்ளலாம். பத்தடி நடந்தால் பாதையோரப் புளியமரம் பின்னுக்குப் போய்விடுகிறது. நிலா இருப்பதோ சுமார் 3,84,000 கிலோமீட்டர் தொலைவில். அதைப் பின்தள்ள நம் நடை எம்மாத்திரம்? மரமும் கடையும் பின்வாங்க, நிலா மட்டும் அப்படியே நிற்பதால், அது கூடவே வருவதாகத் தோன்றுகிறது. ஆனால் பாதை மலையைச் சுற்றி வளைகிறதே! முன்னால் தெரிந்த நிலா கொஞ்ச நேரத்தில் முதுகுப்பக்கம் போய்விடும். அதையும் கவனித்து அடுத்த கேள்வி கேட்கிற பிள்ளையைக் கொண்டாட வேண்டும்.

1995 அக்டோபர் 24 அன்று, முழுச் சூரிய கிரகணத்துக்குப் பயந்து பலர் கதவடைத்துக்கொண்டபோது, அதே யஷ்பால் தூர்தர்ஷன் நேரலையில் உற்சாகமாக விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். கிரகண நேரத்திலும் நடை சாத்தாமல் தீர்த்தவாரி நடத்தும் அண்ணாமலையார் கோயில் ஊருக்கு அந்த உற்சாகம் அந்நியமானதல்ல.

யஷ்பால் தலைமையிலான குழு 1993இல் புத்தகச் சுமையைக் குறைக்கச் சொன்னது. 2005இன் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்புக்கும் அவரே தலைமை தாங்கினார். பள்ளி அறிவு வெளியுலக வாழ்வோடு இணைய வேண்டும் என்றது அது. நேயர்களின் கேள்விகளோடு பழகியவரிடமிருந்து வேறென்ன வரும்?

ஒரே குறை, 'டர்னிங் பாயின்ட்' தமிழில் பேசவில்லை. 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கிய தமிழ்நாடு அரசின் கல்வித் தொலைக்காட்சி தமிழில் பேசுகிறது. கொரோனாக் காலத்தில் வீட்டுக்கே பாடம் கொண்டுவந்தது. பாடத்துக்கு இருப்பதுபோல் பிள்ளைகளின் கேள்விக்கென்றும் அதில் நிரந்தரமான நேரம் வேண்டும். பதில் சொல்ல ஆள் தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. ஜவ்வாது மலையில், காவலூரில், 2.34 மீட்டர் தொலைநோக்கியோடு வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள ஆய்வாளர்களை வாரம் அரை மணி நேரம் கேமரா முன் உட்காரவைத்து, கேள்வி அனுப்பச் சொல்லி ஊர் ஊராகப் பள்ளிகளுக்கு அறிவித்தால் போதும்.