மதில் தாண்டும் நோய்

பத்தமடை என்றதும் ஊரார் பாயை நினைப்பார்கள். எனக்கோ எங்கள் கொல்லையில் நின்ற இரண்டு தென்னைகளே நினைவுக்கு வரும். மூத்தது என் தாயார் தம் கையால் வைத்தது.

ஒரு வருஷம் அதன் அடிமட்டைகள் மஞ்சளித்துத் தொங்கின, குரும்பைகள் உதிர்ந்தன. "கண்ணேறு" என்று என் மனைவி மிளகாய் சுற்றிப் போட்டாள். "தண்ணீர் போதவில்லை" என்று நான் இரு மரங்களுக்கும் ஒரே வாய்க்காலாக வெட்டிப் பாய்ச்சினேன். எங்களில் அதிகத் தீங்கு செய்தவன் நானே என்பது பின்னர்தான் விளங்கியது.

கிள்ளிகுளம் விவசாயக் கல்லூரியில் படித்த என் மருமகன் வந்தான். மரத்தை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. அடியில் உட்கார்ந்து, தண்டிலிருந்து கசிந்த செம்பழுப்பு நீரைக் காட்டினான்.

"மாமா, நோய் தலையில் இல்லை, காலில் இருக்கிறது. இது தஞ்சாவூர் வாடல்."

1952-ஆம் வருஷப் புயலுக்குப் பின் தஞ்சை ஜில்லாவில் பரவிப் பெயர் பெற்ற நோய் அது. கானோடெர்மா என்னும் பூஞ்சணம் மண்ணிலிருந்து வேரில் புகுந்து அழுகச் செய்கிறது. மட்டை வாடுமுன்பே வேர்களில் பல அழிந்திருக்கும். பாயும் நீர் அதை அடுத்த மரத்துக்கும் கொண்டுபோகும்.

தாயார் வைத்த மரத்தை வெட்டி, வேரோடு தோண்டி எரித்தோம். அந்த இடத்தைச் சுற்றி மூன்றடி ஆழத்தில் அகழி வெட்டினோம்.

மதிலுக்கு அப்பால் அண்டைவீட்டாரின் தென்னைகள். சொல்வதற்கு வெட்கம், சொல்லாதிருக்க மனச்சாட்சி இடந்தரவில்லை. சொன்னேன். அவர் போய்ப் பார்த்தார். ஒரு மரத்தின் அடியில் கசிவு அப்போதுதான் தொடங்கியிருந்தது.

"நல்ல வேளை சொன்னீர்கள், அண்ணாச்சி!" என்றார்.

இருவருமாகப் போர்டோக் கலவை தயாரித்தோம். இருபது லிட்டர் நீரில் 400 கிராம் மயில்துத்தம்; வேறு இருபது லிட்டரில் 400 கிராம் சுண்ணாம்பு. துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்கவேண்டும். பளபளப்பான இரும்புக் கத்தியை அமிழ்த்தினால் செம்புக்கறை படியலாகாது. படிந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்பு சேர்க்கவேண்டும். மரத்துக்கு நாற்பது லிட்டர் வீதம் அடிமண் நனைய ஊற்றினோம். வருஷந்தோறும் ஐந்து கிலோ வேப்பம் பிண்ணாக்கு. மரத்துக்கு மரம் தனிப்பாத்தி.

எங்கள் இளைய தென்னையும் அவருடைய மரமும் இன்று காய்க்கின்றன. நேயர்களே, மட்டை மஞ்சளித்தால் முதலில் மரத்தின் அடியைப் பாருங்கள்; அடுத்தபடியாக அண்டைவீட்டாரிடம் சொல்லுங்கள். மதில் மண்ணுக்கு மேலேதான் இருக்கிறது.