பெயரும் முகவரியும்

சிற்றிதழ்களில் எழுதியவர்களுக்கென நண்பர்கள் சிலர் சேர்ந்து இணையக் களஞ்சியம் ஒன்றைத் தொடங்கினோம். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். 300 பேருக்கு 300 கோப்புகளை யாரும் கையால் எழுதிவைப்பதில்லை. முகவரியில் ஓரிடத்தை வெற்றாக விட்டு, அங்கு வருவதைத் தரவுத்தளத்தில் தேடி, உரிய பக்கத்தை அக்கணமே கட்டித் தருமாறு வழங்கிக்குச் சொல்லிவிடுவதே வழக்கம். அந்த விதி ஒரே வரிதான். வெற்றிடத்தில் என்ன வரவேண்டும் என்று முடிவு செய்யத்தான் எங்களுக்கு இரண்டு மாதங்கள் ஆயின.

ஆங்கில எழுத்தில் வைக்கலாம் என்றார் ஒருவர். புதுமைப்பித்தனை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதுகிறார்கள், எதைச் சரியென்பது? தவிரவும், தமிழில் எழுதியதற்காகவே நினைக்கப்படுகிற ஒருவரை வேற்றெழுத்தில் தேடச் சொல்வது எங்களுக்கு ஒப்பவில்லை.

தமிழில் வைத்தால் வேறு தொல்லை. இணைய முகவரிகளுக்கென 2005இல் வகுக்கப்பட்ட நெறி ஆங்கில எழுத்துகள், எண்கள், சில குறிகள் ஆகியவற்றையே ஏற்கிறது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டுகளாகி, ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியுடன் 3 எழுத்துகளாக விரிந்தே பயணம் செய்யும். ‘புதுமைப்பித்தன்’ 15 குறிகள். ஆக 135 எழுத்துகள். மின்னஞ்சலில் ஒட்டினால் அனுமார் வால்தான்.

அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, பெயரை முகவரிக்கேற்பச் செதுக்கித் தரும் ஆயத்த நிரல்களின் போக்கு. ‘எழுத்து அல்லாதவற்றை நீக்கு’ என்பது அவற்றின் கட்டளை. கொம்பும் காலும் புள்ளியும் அவற்றுக்கு எழுத்தல்ல. நாங்கள் சோதித்த நிரலில் புதுமைப்பித்தன் ‘பதமபபததன’ என்று வெளிவந்தார். குமாரும் குமரியும் இருவருமே ‘கமர’. ஓலையில் எழுதிய நம் முன்னோர்கள் புள்ளியைத்தான் விட்டார்கள், கொம்பை விட்டதில்லை.

மௌனியின் கதை இன்னும் நுட்பமானது. ‘மௌ’வைப் பலர் ‘மெ’ போட்டு ‘ள’ தட்டி எழுதுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கோ அவர் வேறொருவர். ‘கொ’வை ஒரே குறியாகவும் கொம்பு, கால் என்று பிரித்தும் தட்டலாம், ஒருங்குறியின் இயல்பாக்க விதி அவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடும். ‘ள’வை அது தொடாது. அது மெய்யாகவே வேறு எழுத்தல்லவா?

முடிவுக்கு எங்களைத் தள்ளியவர் ஒரு பெண் எழுத்தாளர். கணவர் பெயரையும் சேர்த்து எழுதத் தொடங்கியவர், பின்னாளில் அதை விட்டுவிட்டார். பழைய பெயர் முகவரியில் தெரியக் கூடாது என்பது அவர் வேண்டுகோள். அப்பெயருக்குப் பிறர் ஏற்கெனவே கொடுத்திருக்கும் இணைப்புகள் அறுந்துபோகக் கூடாது என்பது எங்கள் கவலை.

ஆகவே எண். ‘எழுத்தாளர்/17/மௌனி’ என்ற வடிவில் வழங்கி 17ஐ மட்டும் பார்க்கும்; பெயர் மனிதர்களுக்கானது. பெயர் பிழையாகவோ பழையதாகவோ வந்தால், ‘நிரந்தரமாக இடம் மாறிவிட்டது’ எனப் பொருள்படும் 301 என்ற விடையுடன் இன்றைய பெயருக்கு அனுப்பிவிடும். முன்பு வெறும் பெயராகவே கொடுத்திருந்த இணைப்புகளுக்கும் அதே ஏற்பாடு. ‘தேடல்’ என்று புனைபெயர் வைத்துக்கொண்ட ஒருவர் நாளை வந்தாலும் எங்கள் தேடல் பக்கத்தோடு மோதமாட்டார். தமிழில் எதுதான் புனைபெயராகாது?

எழுத்தாளனுக்குக் கைதியைப் போல எண் கொடுப்பதா என்று ஒரு நண்பர் இன்னும் வருந்துகிறார். மற்றவர்களுக்கு வருத்தமில்லை, ஆனால் 1ஆம் எண் யாருக்கு என்பதில் உடன்பாடும் இல்லை. அது இன்றுவரை காலியாகவே இருக்கிறது.