பூப்பொட்டலமும் ஆறாம் நம்பர் பந்தும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். கடைசியில் ஒரு உதவியும் கேட்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு போன். "மிஸ், எங்க ஸ்கூல்ல ஒரு பொண்ணு இருக்கா. எட்டாவது படிக்கிறா. தூரத்துல இருந்து போடுறா மிஸ், அப்படியே உள்ள போகுது. நீங்க ஒரு தடவை வந்து பார்க்கணும்."

பேசியது யார் என்று 2012-க்கு முன்னால் என்னிடம் படித்தவர்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். பெயர் போட வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். அவள் இப்போது ஆவடி பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். போனை வைத்த பிறகு எனக்கு அன்று வேலை ஓடவில்லை. அவளை நான் முதலில் பார்த்த கதையை இதுவரை யாருக்கும் முழுசாகச் சொன்னதில்லை.

2007. பூந்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் பின்னால் உள்ள தெருவில் சாயங்காலம் நடந்து வருகிறேன். ஒரு சின்னப் பெண் பூக்கூடையோடு நிற்கிறாள். எதிரே மாடி வீடு. மேலே ஒரு பாட்டி, முட்டிவலி, இறங்க முடியாது. பால்கனியில் நெஞ்சு உயரத்துக்குக் கம்பி, அதற்கும் மேல் சன்ஷேடுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி. இவள் வாழையிலையில் சுற்றி நாரில் கட்டிய இரண்டு முழம் மல்லியை ஒரு கையால் மேலே போடுகிறாள். பொட்டலம் உயரமாகப் போய், நின்று, கம்பியைத் தொடாமல் பாட்டியின் முந்தானையில் இறங்குகிறது.

மறுநாளும் அதே நேரத்துக்குப் போனேன். அதற்கு மறுநாளும். பூ வாங்குகிற சாக்கு.

நாலாவது நாள் நல்ல காற்று. பொட்டலம் சன்ஷேடில் போய் உட்கார்ந்துவிட்டது. நான் "அடடா" என்றேன். அவள் எதுவும் சொல்லவில்லை. தன் கையை ஒரு தடவை பார்த்தாள், ஒரு அடி தள்ளி நின்றாள், இன்னொரு பொட்டலத்தைப் போட்டாள். அது சரியாக விழுந்தது.

இதில் எனக்கு வெட்கமான விஷயம் என்னவென்றால், அவள் போட்டிருந்தது நம்ம ஸ்கூல் யூனிபாரம். எட்டாம் வகுப்பு. வாரம் இரண்டு பி.டி. பீரியட் என் முன்னால் நிற்கிற பெண். அறுபது பேர் ஒரு வகுப்பில், அதிலும் பாதி பீரியடை சிலபஸ் முடிக்கவில்லை என்று கணக்கு டீச்சர்கள் வாங்கிக்கொள்வார்கள் (கோபப்படாதீர்கள், உண்மைதானே). ஆனாலும் சாக்கு சாக்குதான். கிரவுண்டில் பார்க்காததைத் தெருவில் பார்த்தேன்.

அப்போது நம்மிடம் இருந்ததெல்லாம் ஏழாம் நம்பர் பந்து. அது ஆண்களுக்கானது. பெண்களுக்கு ஆறாம் நம்பர். அப்போதைய விதிப்படி சுற்றளவு 72 சென்டிமீட்டர் சொச்சம், எடை 510-லிருந்து 567 கிராம். பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் ஏழாம் நம்பரைக் கொடுத்தால் இடுப்பிலிருந்து இரண்டு கையாலும் தூக்கித்தான் எறிவாள். ஒரு தடவை அந்தப் பழக்கம் வந்துவிட்டால் மாற்றுவதற்குள் பள்ளிக்கூடமே முடிந்துவிடும். என் சம்பளத்தில் இரண்டு ஆறாம் நம்பர் பந்து வாங்கினேன். வீட்டில் திட்டு வாங்கியது தனிக்கதை.

விளையாட்டு தெரியாத சொந்தங்களுக்காக ஒரு விஷயம். வளையம் இருப்பது 3.05 மீட்டர் உயரத்தில், அதன் விட்டம் 45 சென்டிமீட்டர். ஒரு டம்ளரைப் பக்கவாட்டில் இருந்து பாருங்கள், அதன் வாய் ஒரு கோடு. மேலிருந்து பாருங்கள், முழு வட்டம். பந்தும் அப்படித்தான். தட்டையாகப் போனால் அதற்கு வாசல் குறுகல். உயர்ந்து போய் இறங்கினால் வாசல் முழுசாகத் திறந்திருக்கும். இதைப் புரியவைக்க மற்ற பெண்களிடம் வருஷக்கணக்கில் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். இவளுக்கு அந்தப் பாட்டியின் பால்கனி சொல்லிக் கொடுத்திருந்தது.

அவள் அம்மாவிடம் பேசியதுதான் பெரிய பாடு. விடியற்காலை மூன்று மணிக்குக் கோயம்பேடு போய்ப் பூ எடுத்து, பகலெல்லாம் கட்டி, சாயங்காலம் விற்கிறவர். "டீச்சரம்மா, அஞ்சு மணியில இருந்து ஏழு மணிதான் எங்களுக்கு வியாபாரம். இவ பந்து ஆடப் போனா வீடுவீடா யாரு போறது?" என்றார். நியாயமான கேள்வி. பயிற்சியை நாலேகாலில் இருந்து ஐந்து மணி வரை என்று வைத்துக்கொண்டோம். அரை டிராயர் கூடாது என்றார், முழு டிராக் பேன்ட் போட்டோம். வெயிலில் கறுத்துப்போவாள் என்றதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. என் நிறத்தைக் காட்டினேன். சிரித்துவிட்டார்.

பி.டி. ரூம் பீரோவில் நான் ஒரு பேப்பர் கட்டிங் ஒட்டி வைத்திருந்தது ஞாபகம் இருக்கிறதா? அனிதா பால்துரை. நம்ம சென்னைப் பெண். பத்தொன்பது வயதில் இந்திய அணிக்கு கேப்டன் ஆனவர். இவள் அந்தப் படத்தைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "இவங்க ரயில்வேல இருக்காங்களா மிஸ்? மாசா மாசம் சம்பளம் வருமா?"

வரும் என்றேன். அதற்குப் பிறகு ஒருநாள்கூட அவள் பயிற்சிக்கு லேட்டாக வந்ததில்லை.

ஒன்பதாவது முடிந்ததும் ஒரு விடுதித் தேர்வுக்குக் கூட்டிப் போனேன். எந்தத் தேர்வு என்று எழுதப் போவதில்லை. உயரம் அளந்தார்கள், நாலடி பதினொரு அங்குலம். ஓடவிட்டார்கள், தாண்டவிட்டார்கள். பந்து போடச் சொன்னபோது பத்துக்கு எட்டு போட்டாள். "கை நல்லா இருக்கு மேடம், உயரம்தான்..." என்று இழுத்தார்கள். அன்று எனக்கு வந்த கோபத்தில் பஸ்ஸில் கண்டக்டரோடு சில்லறைக்குச் சண்டை போட்டேன். இப்போது யோசித்தால், ஒரே காலையில் நூற்றுக்கணக்கான பெண்களைப் பார்க்கிறவர்கள் டேப்பை நம்புவதில் ஆச்சரியம் இல்லை. உயரத்தை ஒரு நிமிஷத்தில் அளந்துவிடலாம். மற்றதைப் பார்க்க நாலு நாள் தெருவில் நிற்க வேண்டும்.

அடுத்து நடந்தது என் தப்பு. இதை அவளிடமே சொல்லியிருக்கிறேன், உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

அவள் போடுகிற அழகில் நான் மயங்கிவிட்டேன். இரண்டு வருஷம் வேறு எதையும் சொல்லித்தரவில்லை. நிற்பாள், பந்து வரும், போடுவாள், நாங்கள் கை தட்டுவோம். பத்தாவது படிக்கும்போது ஒரு போட்டியில் எதிரணி டீச்சர் புத்திசாலி. ஒரு பெண்ணை இவள் மேல் ஒட்டவிட்டார். பந்து எங்கே இருந்தாலும் அந்தப் பெண் இவள் முகத்துக்கு முன்னால். ஆட்டம் முழுக்க இவளுக்குக் கிடைத்தது மூன்று பாயிண்ட். தோற்றோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு கேட்டாள். "மிஸ், அவ என்னை விட்டு நகரவே இல்ல. நான் என்ன பண்ணியிருக்கணும்?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் சர்வீஸ், எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கோடை விடுமுறையில் சென்னையில் பெரிய பெண்கள் அணிகள் ஆடுகிற ஆட்டங்களுக்குத் தனியாகப் போய் உட்கார்ந்தேன். பந்தைப் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே கட்டளை. நன்றாகப் போடுகிற ஒருத்தியை மட்டும் பார்ப்பேன். அப்போதுதான் புரிந்தது. அவள் கையில் பந்து இருப்பது கொஞ்ச நேரம்தான், மீதி நேரமெல்லாம் ஓட்டம். கூட்டாளி ஒருத்தி தூண் மாதிரி நிற்பாள், இவள் அவளை உரசிக்கொண்டு போவாள், துரத்தி வருகிறவள் தூணில் மாட்டிக்கொள்வாள். கல்யாணப் பந்தியில் பருமனான அத்தைக்குப் பின்னால் புகுந்து இடம் பிடிப்போமே, அதேதான். ஜூனில் பள்ளி திறந்ததும் அதைத் தொடங்கினோம்.

அந்த வருஷமே இன்னொரு சோதனை. 2010-ல் சர்வதேசக் கூட்டமைப்பு மூன்று பாயிண்ட் கோட்டை 6.25 மீட்டரிலிருந்து 6.75-க்குத் தள்ளிவிட்டது. அரை மீட்டர்தானே என்று தோன்றும். ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் தோளுக்கு அது அடுத்த தெரு. சுண்ணாம்புப் பொடியில் புதுக்கோடு போட்டேன். முதல் வாரம் ஒன்றுகூட வளையத்தைத் தொடவில்லை. பலம் காலிலிருந்து வரவேண்டும், கையால் தள்ளக் கூடாது. ஸ்கிப்பிங், படிக்கட்டு, மறுபடி ஸ்கிப்பிங். அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிளில் காலை ஆறரைக்கே வந்துவிடுவாள். தீபாவளி தாண்டித்தான் பந்து போய்ச் சேர ஆரம்பித்தது.

பிளஸ் டூவில், நகரத்தில் ஒரு மகளிர் கல்லூரியின் கோச் ஆட்டம் பார்க்க வந்தார். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் கொடுக்கிற கல்லூரி. நான் இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. அன்றைக்குப் பார்த்து ஒன்பது தடவை போட்டு இரண்டுதான் உள்ளே போனது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். ஆட்டம் முடிந்ததும் அந்த அம்மா நோட்டுப் புத்தகத்தோடு வந்தார்.

"அஞ்சாவது ஷாட் போகலையே, அப்ப அவ என்ன பண்ணா, பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. தலையில் கை வைத்திருந்தேனே.

"திரும்பி ஓடி எதிர்ப்பக்கம் பந்தைப் பறிச்சா. அடுத்த தடவை அரை அடி இடம் மாத்தி நின்னா. பயந்து பந்தை வேற யார்கிட்டயும் தள்ளிவிடல. அப்புறம் நாலு தடவை போட்டா, நாலும் அவளுக்குச் சரியான இடத்துல இருந்துதான்."

சீட் கிடைத்தது. ஃபீஸ் இல்லை. ஹாஸ்டலுக்கு அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று வருஷமும் பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸிலேயே போய் வந்தாள். பல்கலைக்கழக அணிக்கு ஆடினாள். ரயில்வேக்கு இரண்டு தடவை முயன்றாள், கிடைக்கவில்லை. அப்புறம் பி.பி.எட். முடித்து டீச்சர் ஆனாள். இந்தியாவுக்கு ஆடினாளா என்று சில சொந்தங்கள் கேட்பீர்கள். இல்லை. எட்டாவதிலேயே நான் ஓடவும் பறிக்கவும் சொல்லிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சில ராத்திரிகளில் தோன்றும். அவளிடம் கேட்டால், "விடுங்க மிஸ், சம்பளம் வருதுல்ல" என்று சிரிக்கிறாள்.

2021 ஜனவரியில் அனிதாவுக்கு பத்மஸ்ரீ அறிவித்தபோது எனக்கு வந்த முதல் போன் இவளுடையதுதான். குழந்தை பெற்ற பிறகும் திரும்பி வந்து, 2017-ல் பெங்களூரில் ஆசியக் கோப்பை பி டிவிஷனை ஜெயித்த அணியில் ஆடியவர் அனிதா. அதைப் பற்றி அரை மணி நேரம் பேசினோம். "அந்த பீரோ இன்னும் இருக்கா மிஸ்?" என்றாள். பீரோ இல்லை. கட்டிங் என்னிடம்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "எல்லாம் சரிடி, உள்ள போகலைன்னா அந்தப் பொண்ணு என்ன பண்றா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அதைப் பார்க்கத்தான் மிஸ் உங்களைக் கூப்பிடுறேன். எனக்கு அவ போடுறதைப் பார்த்தாலே கண்ணு அங்கேயே நின்னுடுது."

சனிக்கிழமை போகிறேன். மெட்ரோ வேலை நடக்கிற ரோட்டில் முட்டியோடு பஸ் ஏறுவது கஷ்டம்தான், மருமகன் வண்டியில் விடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்போது உதவி. அந்தப் பள்ளியிலும் ஏழாம் நம்பர் பந்துதான் இருக்கிறதாம். உங்கள் வீட்டில் ஆறாம் நம்பர் பந்து சும்மா கிடந்தால், பழையதானாலும் காற்று நின்றால் போதும், வெள்ளிக்கிழமைக்குள் என் வீட்டில் கொடுங்கள். பந்தின் மேலேயே நம்பர் போட்டிருக்கும், பார்த்துவிட்டுக் கொண்டு வாருங்கள். அந்தப் பெண்ணின் ஷூ சைஸ் நாலு. கமெண்டில் எழுத வேண்டாம், போன் செய்யுங்கள். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை தூங்குவேன்.