விராலடிப்பானுக்குப் பாடு கிடையாது

பொங்கலுக்கு முந்தைய வாரம் பழவேற்காடு போயிருந்தோம். பறவை பார்க்க அல்ல. இருளர் குடியிருப்பில் நலவாரிய விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கிற வேலை. இரண்டாம் நாள் விடியலில் ஏரிக்கரையில் நின்றோம்.

ஒரு அக்கா இடுப்பளவு தண்ணீரில் குனிந்து இறால் தடவிக்கொண்டிருந்தார். வலை இல்லை. இரண்டு கைகள், பல்லில் கடித்துப் பிடித்த பனையோலைப் பறி, அவ்வளவுதான். பறியைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "மேல பாரு தம்பி, மீன் அடிக்கப் போவுது."

விராலடிப்பான். குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வருகிற வலசைப் பறவை. வெள்ளை வயிறு, கண்ணை ஒட்டிக் கரும்பட்டை. ஒரே இடத்தில் சிறகடித்து நின்றது, பிறகு கால்களை முன்னே நீட்டி விழுந்தது. வெறுங்கால். மறுபடியும் வெறுங்கால். மூன்றாவது முறை ஒரு மடவையோடு எழுந்து, பறந்தபடியே உடம்பை உதறியது. வழுக்கும் மீனைப் பிடிக்க அதன் பாதத்தில் முள் போன்ற செதில்கள் உண்டு. வெளிவிரலைப் பின்னுக்குத் திருப்பவும் முடியும். மீனின் தலையை முன்பக்கமாகத் திருப்பிக்கொண்டு கிளம்பியது.

எங்கிருந்தோ ஒரு செம்பருந்து வந்து துரத்தியது. கரையில் நின்ற ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கருடனாம், பிடுங்க வருது பாரு" என்றார் அக்கா. மடவை தண்ணீரில் விழுந்தது. யாருக்கும் கிடைக்கவில்லை.

இந்தச் செம்பருந்துக்கு ஆங்கிலத்தில் 'பிராமினி கைட்'. குப்பைமேட்டில் வட்டமிடும் கள்ளப்பருந்துக்குப் பழைய பறவை நூல்களில் 'பரையா கைட்'. சலீம் அலியும் அப்படித்தான் எழுதினார். அந்தப் 'பரையா'வின் அறிவியல் பெயரில் 'கோவிந்தா' இருப்பது தனிக்கதை. செத்த மீன் இரண்டுமே தின்னும்.

இங்கே ஏரிக்கும் சாதி உண்டு. 'பாடு' முறையில் எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். பட்டினவர் ஊர்களில் தலைக்கட்டுக் கணக்கில் உள்ள ஆண்களுக்குத்தான் அந்த உரிமை. முதுகலையில் பொதுவள நிர்வாகத்துக்கு நல்ல உதாரணமாக இதைப் படித்தோம். பாடு இல்லாதவர்கள் எங்கே மீன் பிடிப்பார்கள் என்று வகுப்பில் நாங்களும் கேட்கவில்லை.

அக்காவின் பறியில் ஒரு கைப்பிடி இறால் இருந்தது. "எத்தனை வருஷமா இந்தத் தொழில்?" என்று கேட்டோம். "எங்கம்மா கூட வந்ததுலேருந்து."

குடியிருப்புக்குத் திரும்பி அவருடைய விண்ணப்பத்தைத் தேடி எடுத்தோம். தொழில் என்ற இடத்தில் முதல் நாள் அவரைக் கேட்காமலே 'கூலி' என்று எழுதியிருந்தோம். அதை அடித்துவிட்டு 'மீன்பிடித்தல்' என்று எழுதினோம். மீதி விண்ணப்பங்களையும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம்.