எடத்துவா: பம்பைக் கரையில் ஜார்ஜியார் திருநாள்

கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தில், கடல்மட்டத்துக்கும் தாழ்ந்த நெல்வயல்களுக்குப் பெயர்போன குட்டநாட்டில், பம்பை ஆற்றின் கரையில் எடத்துவா அமைந்துள்ளது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைக்கப்பட்டதனால், அதுவரை ஒரே ஆட்சிக்குள் நடந்துவந்த குமரி மீனவர்களின் எடத்துவாத் திருநாள் பயணம் மாநில எல்லை கடப்பதாயிற்று என்பதற்குமேல் இவ்வூரின் நிர்வாக வரலாற்றில் சொல்லத்தக்கது அதிகமில்லை. ஊரின் பெயரைத் தமிழகக் கடற்கரைவரை கொண்டுசென்றது 1810இல் நிறுவப்பட்ட புனித ஜார்ஜியார் ஆலயமே. இது சீரோ மலபார் சபையை, அதாவது கிழக்குச் சிரிய வழிபாட்டு மரபைக் கொண்டதும் உரோமைத் திருத்தந்தையின் தலைமையை ஏற்றதுமான கத்தோலிக்கத் திருச்சபையைச் சார்ந்தது.

ஜார்ஜியார் பேரரசர் தியோக்கிளேசியன் காலத்து உரோமைப் படைவீரர் என்றும், கிறிஸ்தவ நம்பிக்கையைக் கைவிட மறுத்துப் பாலஸ்தீனத்தில் உயிர்நீத்தார் என்றும் மரபு கூறும். அவர் அரக்கப்பாம்பை ஈட்டியால் குத்தும் கதை பிற்காலத்தில் சேர்ந்து, 13ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா எங்கும் பரவியது. ஆயினும் வரப்பிலும் வாய்க்காலிலும் பாம்போடு புழங்கும் உழவருக்கு அக்கதையே முதன்மையாயிற்று. கேரளக் கிறிஸ்தவர்கள் அவரைப் பாம்புக்கடியிலிருந்து காப்பவராகவே வேண்டிக்கொள்கின்றனர்.

திருச்சபை நாட்காட்டியில் அவர் நினைவுநாள் ஏப்ரல் 23. உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் இடம்பெயர்ந்துகொண்டே இருப்பதால், 2011இல் நேர்ந்ததுபோல அந்நாள் சில ஆண்டுகளில், உயிர்ப்புக்கு முந்திய நோன்பு வாரமான புனித வாரத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். எடத்துவாவிலோ ஏப்ரல் 27இல் கொடியேறி மே 7இல் பெருநாள் நடைபெறுகிறது. உயிர்ப்பு எவ்வளவு பிந்தினும் கொடியேற்றம் அதற்குப் பின்னரே வரும். எவ்வளவு முந்தினும், பாஸ்கா காலத்தை, அதாவது உயிர்ப்பு முதல் தூய ஆவியார் பெருவிழா வரையிலான ஐம்பது நாட்களைப் பெருநாள் தாண்டாது. நோன்பின் நிழல் ஒருபோதும் விழாமல் முழுதும் மகிழ்ச்சிக்கே உரியதாக ஒரு திருநாள் அமைந்திருப்பது இவ்வூரின் பேறு.

இத்திருநாளைத் தமிழக மீனவர்களை நீக்கிவிட்டு எண்ணிப்பார்க்க இயலாது. குமரி, நெல்லை, தூத்துக்குடிக் கடலோர ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வரும் அவர்கள் பல நாட்கள் தங்கிச் சமைத்துண்டு, நேர்ச்சை செலுத்தி, பெருநாளன்று புனிதரின் சுரூபத்தைச் சுமந்து ஆலயத்தை வலம்வருவது நெடுநாள் வழக்கம். கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விதிக்கப்படும் மீன்பிடித் தடையும் இப்போது இப்பயணத்துக்குத் தோதாக வாய்த்துவிட்டது. மரபு அத்தடையினும் மிகப் பழையது.

திருநாளுக்குச் சற்று முன்னரே, ‘புஞ்ச’ எனப்படும் கோடை நெல்லின் அறுவடை குட்டநாட்டில் முடிவது வழக்கம். அறுத்தவர்களுக்குப் பணமாக அன்றி, ‘பதம்’ எனப்பட்ட நெற்பங்காகவே கூலி அளக்கப்பட்ட நாட்களில், உழைப்பாளி வீடுகளில் நெல் நிறைந்திருந்த வேளையும் திருநாட் கடைகள் விரிந்த வேளையும் ஒன்றாயின. சாலைகள் வருமுன் ஆளும் சரக்கும் வள்ளத்திலேயே வந்திறங்கியமையால், ஆற்றங்கரையே சந்தையாக விளங்கியது. இன்று அறுவடை இயந்திரங்களால் நடக்கிறது. அளக்கப் பதமும் இல்லை, அதை எதிர்பார்த்து வள்ளம் கட்டும் வணிகரும் இல்லை. இந்த இழப்பைப் பற்றி விழா மலர்களில் ஒரு பத்தியாவது எழுதப்படலாம். ஆனால் வாணவேடிக்கையின் சிறப்புக்குத்தான் அங்கே இடமிருக்கிறது.

தற்கால எடத்துவாவின் நிலை கவலைக்குரியது. 2018 பெருவெள்ளத்தில் குட்டநாடு முழுதும் மூழ்கியபின் ஆண்டுதோறும் மழைக்கு அஞ்சியே மக்கள் வாழ்கின்றனர். வயலுக்குள் உப்புநீர் புகாதிருக்க 1970களில் அமைக்கப்பட்ட தண்ணீர்முக்கம் தடுப்பணையின் கதவுகள் கோடையில் மூடியிருப்பதால், தேங்கும் நீரில் ஆகாயத்தாமரை படர்ந்து வாய்க்கால்களை அடைக்கிறது. கதவை எப்போது திறப்பது என்பதில் உழவருக்கும் மீனவருக்கும் ஆண்டுதோறும் வழக்கு. நாற்புறமும் தண்ணீர் சூழ்ந்த நாட்டில் குடிநீரை லாரியிலும் படகிலும் கொண்டுவர வேண்டியிருப்பது வெட்கத்துக்குரியது. சுற்றுலா விளம்பரங்களோ வீட்டுப்படகைத் தவிர வேறெதையும் குட்டநாட்டில் காண்பதில்லை. தலைமுறைகளாக வரும் தமிழகப் பயணிகளுக்குக் குடிநீர், கழிப்பிடம், தமிழில் எழுதிய அறிவிப்புப் பலகை ஆகியவற்றைத் திருநாள் நெருங்கும்போது அவசரமாகத் தேடாமல் நிலையாக அமைத்துவைப்பதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. இரு மாநில அரசுகளும் ஒருமுறை கூடிப் பேசினாலே போதும்.