ஊட்டியில் வேர்த்தது!

ஜனவரியில் ஊட்டி வாடகை ரூமில் இருந்து பாருங்கள், ஸ்வெட்டரோடுதான் பல் தேய்ப்பீர்கள். ரூம் ஹீட்டர் 2000 வாட். மணிக்கு 2 யூனிட். ராத்திரி 8 மணி நேரம் ஓடினால் 16, மாசம் 480! பி.காம். மூளை கணக்குப் போட்டதும் எனக்கு வேர்த்துவிட்டது. ஹீட்டர் வாங்கவில்லை. ஜன்னல் இடுக்கில் பழைய பேப்பர், கதவடியில் சுருட்டிய சாக்கு, காலடியில் வெந்நீர் ஊற்றிய ரப்பர் பை. சுகமாகத் தூக்கம் வருகிறது சார்.

பக்கத்து ரூம் தம்பி என்னைவிடச் சிக்கனம். கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தப் போனான். பிடுங்கி வெளியே வைத்தேன். கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. அடைத்த ரூமில் தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

"கரி ஓசியில கிடைச்சுதுண்ணே" என்றான் பாவமாக.

என் வெந்நீர்ப் பையைக் கொடுத்துவிட்டு, ரெண்டு ஜோடி சாக்ஸோடு படுத்தேன். பை இன்னும் திரும்பி வரவில்லை.