ஆறு கால் காவல்காரன்

கொடைக்கானல் பக்கம் இருட்டிய பிறகு டார்ச் இல்லாமல் வெளியே இறங்குவது நல்லதல்ல. ரோட்டு வளைவில் காட்டுமாடு நின்றுகொண்டிருக்கும். பனிமூட்டமும் சேர்ந்துவிட்டால் பத்தடி முன்னால் இருப்பதே தெரியாது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது மரங்கள் சாய்ந்து கரண்ட் போன வீடுகளில் சார்ஜ் ஏறிய ஒரு விளக்கின் அருமை என்ன என்பது நன்றாகவே புரிந்திருக்கும்.

அதனால் பூம்பாறை, மன்னவனூர் போன்ற மேல்மலை ஊர்களில் லித்தியம் பேட்டரியும் சின்ன சோலார் பேனலும் சேர்ந்தால் பெரிய உதவி. ஆனால் சில விளக்குகளில் ஒரு விநோதம் நடக்கும். பேட்டரியோடு ஒட்டியிருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் செத்துப்போகும். புதுசு மாற்றினால் சில வாரம் ஓடும், மறுபடி சாகும். ஷார்ட் ஆகவில்லை, தண்ணீர் படவில்லை. பிறகு ஏன்?

முதலில் அந்த சர்க்யூட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பெரும்பாலும் இரண்டே சிப். ஒன்று டிடபிள்யூ01, ஆறு கால் கொண்டது. இதுதான் காவல்காரன். பேட்டரி 4.3 வோல்ட் அளவுக்கு ஏறினால் சார்ஜை நிறுத்தும், 2.4 வோல்ட் அளவுக்கு இறங்கினால் விளக்கை நிறுத்தும். இன்னொன்று 8205, அதாவது இரண்டு மாஸ்ஃபெட். இது கதவு. காவல்காரன் சொன்னால் திறக்கும், மூடும். இந்தக் கதவு தாங்குவது 20 வோல்ட் வரைதான்.

ஒரு விஷயம். செத்ததாகத் தூக்கிப்போடும் சிப் எல்லாம் செத்தவை அல்ல. பேட்டரி ரொம்ப இறங்கிப்போனால் காவல்காரன் தூங்கிவிடுவான். சரியான சார்ஜரை ஒரு நிமிஷம் மாட்டினால் எழுந்துவிடுவான். பேட்டரி முனைகளில் 3.7 வோல்ட் இருந்து வெளியே பூஜ்யம் என்றால், முதலில் இதைத்தான் செய்து பார்க்க வேண்டும். அதற்கும் எழவில்லை என்றால் 100 ஓம் ரெசிஸ்டரின் சால்டரைப் பார்க்கலாம்.

இனி அந்த மர்மம். "12 வோல்ட்" என்று விற்கும் பேனல், லோடு இல்லாதபோது சுமார் 21 வோல்ட் தரும். அதை நேரடியாக ஒற்றை செல்லில் மாட்டினாலும் வேலை செய்வதுபோலத்தான் தெரியும். சின்ன பேனலில் கரண்ட் குறைவு, பேட்டரி வோல்ட்டேஜை 4 வோல்ட்டுக்கு இழுத்து வைத்திருக்கும். பேட்டரி நிறைந்ததும் காவல்காரன் கதவை மூடுகிறான் இல்லையா? அந்த நொடியே லோடு போய்விடும். 21இல் 4 போக மிச்சம் 17 வோல்ட் முழுக்கக் கதவின் மேல் விழும்.

மலையில் இது இன்னும் மோசம். பேனல் குளிர்ந்தால் வோல்ட்டேஜ் ஏறும், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.3 சதவீதம். டிசம்பர், ஜனவரியில் இரவு 10 டிகிரிக்குக் கீழே போகிற ஊர் இது. காலையில் பனி விலகி, குளிர்ந்த பேனலில் பளீரென்று வெயில் அடித்தால் 22 வோல்ட்டைத் தாண்டும். ஒயர் நீளத்தால் வரும் ஸ்பைக்கும் சேர்ந்தால் 20 வோல்ட் கதவு உடைகிறது. சூரியனைப் பார்க்கவென்றே 1899இல் ஆய்வகம் தொடங்கிய ஊரில், சிப்பைக் கொல்வதும் அதே சூரியன்தான்!

பயப்பட வேண்டியது வேறு. கதவு உடைந்து ஷார்ட் ஆகிவிட்டால் விளக்கு வழக்கம்போல எரியும். எதுவும் கெட்டதாகத் தெரியாது. ஆனால் சார்ஜை நிறுத்த ஆள் இல்லை. செல் உப்பும், தீப்பிடிக்கவும் செய்யும், அதுவும் வீட்டுக்குள்ளே.

கண்டுபிடிப்பது சுலபம். பேட்டரி நிறைந்த பிறகு, பேனலை எடுக்காமல், மீட்டரை பி மைனஸ், அவுட்புட் மைனஸ் இரண்டுக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள். 17, 18 என்று காட்டினால் குற்றவாளி சிப் அல்ல, பேனல்தான். நடுவில் வோல்ட்டேஜைக் குறைக்கும் ஒரு கன்வெர்ட்டரும் ஒழுங்கான சார்ஜிங் போர்டும் போட்டால் தீர்ந்தது. டிபி4056 போர்டு என்றால் 8 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது.

மூன்றாவது சிப்பை மாற்றுவதற்கு முன்னால், இரண்டாவது எப்போது செத்தது என்று ஒரு தடவை யோசித்துப் பார்க்கலாம். காலை வெயிலில், பேட்டரி நிறைந்த நேரத்தில் என்றால் விடை கிடைத்துவிட்டது.